நீலப்பல் வேந்தனும் என் செவிக்கருவியும்



நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அதனோடு ஓர் உரிமப் புத்தகமும் இருந்தது. ஆண்டு தவறாமல் அஞ்சலகத்திற்குச் சென்று கட்டணம் செலுத்திவிட்டு வருவார் என் தந்தையார். காற்றில் தானே வருகிற பாட்டைக் கேட்பதற்கு அரசாங்கத்தின் அனுமதி எதற்கு என்று ஒருநாள் அவரை வினவினேன். "அலைகளும் அரசாங்கத்தின் சொத்து" என்று சுருக்கமாக விடை கூறினார். அந்த விடை அப்போது எனக்கு விளங்கவில்லை.

இன்று என் இரு செவிகளிலும் இரண்டு சிறு கருவிகள் இருக்கின்றன. அவை வானொலி அலைகளைப் பெறுவதோடு நில்லாமல் அனுப்பவும் செய்கின்றன. அதாவது, புளியங்கொட்டை அளவான இரண்டு வானொலி நிலையங்களை நான் காதில் அணிந்துகொண்டு நடமாடுகிறேன். இவற்றிற்கு உரிமம் கேட்பார் எவரும் இல்லை. இந்த மாற்றம் எப்படி வந்தது என்று நானும் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. கருவி பழுதுபட்டபோதுதான் எண்ணிப் பார்த்தேன். ஓடுகிற கடிகாரத்தை எவர் திறந்து பார்க்கிறார்?

நடந்தது இதுதான். எனக்குச் செவிப்புலன் குறைந்து ஆண்டுகள் சில ஆகின்றன. கைப்பேசியை நேரே காதில் வைத்துக்கொண்டால் சொற்கள் உருத்தெரியாமல் குழம்பும். ஆகவே கைப்பேசியிலிருந்து குரல், கம்பியின்றிச் செவிக்கருவிக்கே வருமாறு அமைத்திருந்தேன். சென்ற ஆண்டு என் மகன் புதிய கைப்பேசி ஒன்று வாங்கித் தந்தான். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எட்டாம் நாள் காலையில் இணைப்பு இல்லை. கருவியின் பெயர் கைப்பேசித் திரையில் தெரிகிறது. தொட்டால் 'இணைக்க இயலவில்லை' என்று வருகிறது. அந்த நிலையில் ஓர் அழைப்பு வந்தது. என்னோடு முப்பது ஆண்டுகள் பணியாற்றிய கணித ஆசிரியர் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வழக்கமான நலம் உசாவல் என்று கருதி, "நல்லது, நல்லது" என்று கூறி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் மகன் வாயிலாகச் செய்தி அறிந்தேன். தமக்கு அறுவைச் சிகிச்சை நடக்க இருப்பதாகவும், நான் வந்து அருகில் இருந்தால் தெம்பாக இருக்கும் என்றும் அவர் கூறியிருக்கிறார். அதற்குத்தான் நான் நல்லது என்றேன்.

வீட்டில் உள்ள இளைஞர்கள், "அணைத்துவிட்டு மறுபடியும் போடுங்கள்" என்றார்கள். அணைத்தேன், போட்டேன், பயனில்லை. அவர்கள் சொன்ன மருந்து தவறன்று. ஆனால் நோய் இன்னதென்று அறியாமல் தரும் மருந்து அது. அதனால் இந்த இணைப்பு முறையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

இம்முறைக்குப் பெயர் 'புளூடூத்' என்பதை நீங்கள் அறிவீர்கள். அது ஓர் அரசனின் பட்டப்பெயர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்டவன் ஹரால்ட். தன் தந்தை கோர்ம், தாய் தைரா ஆகியோரின் நினைவாக ஜெல்லிங் என்னும் ஊரில் அவன் நாட்டிய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் தனதாக்கிக்கொண்டவன் என்று அக்கல் அவனைக் கூறுகிறது. 'நீலப்பல்' என்னும் பட்டப்பெயரோ அவன் காலத்துச் சான்றுகளில் இல்லை. பல தலைமுறைகளுக்குப் பின் எழுந்த ஏடுகளிலேயே காணப்படுகிறது. ஆகவே, அவன் பல் உண்மையில் நீலமாக இருந்ததா என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்க வேண்டியதில்லை.

அந்த அரசனுக்கும் கைப்பேசிக்கும் என்ன உறவு? 1997ஆம் ஆண்டில், கணினித் தொழிலும் தொலைபேசித் தொழிலும் சேர்ந்து ஒரு பொது இணைப்பு முறையை வகுக்க முயன்றுகொண்டிருந்தன. இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கார்டாக், சிதறிக் கிடந்தவற்றை ஒன்று சேர்த்த அரசன் பெயரைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வோம் என்றார். நிலையான பெயருக்கு வேறு இரண்டு முன்மொழிவுகள் இருந்தன. உரிய காலத்திற்குள் அவற்றுள் ஒன்றும் உறுதிப்படவில்லை. தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. ஊரில் செல்லப்பெயரே பதிவேட்டுப் பெயராகிவிடுவதைப் பள்ளியில் மாணவர்களைச் சேர்க்கும்போது நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஹரால்டின் பெயருக்கும் பட்டப்பெயருக்கும் உரிய ரூனிக் எழுத்துகள் இரண்டையும் பின்னியதே உங்கள் கைப்பேசியில் காணும் அந்தச் சின்னம்.

பெயர் டென்மார்க்குக்கு உரியதாயினும் பிறப்பிடம் சுவீடன். லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் பணியாற்றிய யாப் ஹார்ட்சன் என்னும் டச்சுப் பொறியாளர், 1994ஆம் ஆண்டில் இவ்வேலையை மேற்கொண்டார். கைப்பேசிக்கும் அதன் துணைக்கருவிக்கும் இடையே உள்ள கம்பியை நீக்கவேண்டும்; மின்சாரச் செலவும் மிகக் குறைவாக இருக்கவேண்டும்; இதுவே அவர்முன் இருந்த வினா. சுவென் மாட்டிசன் என்பவரும் அவருடன் சேர்ந்து உழைத்தார். 1998ஆம் ஆண்டு எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பை நிறுவின. அடுத்த ஆண்டு முதல் விதித்தொகுப்பு வெளிவந்தது. ஒன்று சேர்த்த வேந்தனின் பெயரைத் தாங்கிய அவ்விதிகளின்படி செய்த கருவிகள், நிறுவனத்துக்கு நிறுவனம் ஒன்றோடொன்று பேச மறுத்தன! 2001ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகே நிலைமை சீர்ப்பட்டது.

இனி என் தந்தையார் சொன்ன சொத்துக்கு வருகிறேன். மின்காந்த அலைவெளியை ஒரு கிராமத்தின் நிலமாக எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பகுதி பட்டா நிலம். வானொலி நிலையம், காவல்துறை, விமானப் போக்குவரத்து என ஒவ்வொருவருக்கும் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். இடையே புறம்போக்காகச் சில துண்டுகள் உண்டு. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய உலக மாநாடு, தகவல் தொடர்பு அல்லாத தொழில், அறிவியல், மருத்துவப் பயன்களுக்கென்று 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை ஒதுக்கியது. சோறு சூடாக்கும் நுண்ணலை அடுப்பு இயங்குவது அங்கேதான். 1985ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம், குறைந்த ஆற்றலில் பரவலான அலைகளைப் பயன்படுத்துவோர் அப்பகுதியில் உரிமமின்றியே தகவல் அனுப்பலாம் என்றது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதி, 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று அறிவித்தது. என் செவிக்கருவி அஞ்சலகத்திற்குச் செல்லாமல் தப்பியது இவ்வாறுதான்.

புறம்போக்கில் யாரும் மாடு மேய்க்கலாம். அதனால் நெரிசலும் உண்டு. வீட்டு இணையப் பெட்டியின் அலை, அடுப்பிலிருந்து கசியும் அலை, அண்டை வீட்டார் கருவிகளின் அலை எல்லாம் அங்கேதான் உலாவுகின்றன. இந்த நெரிசலில் ஒரு மெல்லிய குரல் எப்படிப் பிழைக்கிறது? பாண்டி ஆடும் சிறுமியைப் போலப் பிழைக்கிறது. அவ்வெளியை 79 கட்டங்களாகப் பிரித்து, ஒரு நொடியில் 1600 முறை கட்டம் விட்டுக் கட்டம் தாவிக்கொண்டே பேசுகிறது. ஒரு கட்டத்தில் இரைச்சல் இருந்தால் இழப்பு அந்த ஒரு கணத்திற்கு மட்டுமே. 2003ஆம் ஆண்டு வந்த திருத்தத்தில், இரைச்சல் மிகுந்த கட்டங்களை நினைவில் கொண்டு அவற்றைத் தவிர்த்துத் தாவவும் இக்கருவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

தாவிப் பேசும் இந்த எண்ணத்தைக் கண்டவர் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையே என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும், வானொலியால் செலுத்தப்படும் நீர்மூழ்கிக் குண்டைப் பகைவர் திசைதிருப்பாதிருக்க ஒரு முறை வகுத்து, 1942ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது மெய். பியானோவின் கட்டைகளைப் போலவே அதில் 88 அலைவரிசைகள்; அவற்றை மாற்றுவதற்குத் துளையிட்ட காகிதச் சுருள். போர் முடியும் வரை அமெரிக்கக் கடற்படை அதனைக் கையாளவில்லை. எனினும் அலைவரிசை மாற்றிப் பேசும் எண்ணம் அவர்களுக்கு முன்பும் சிலரிடம் இருந்தது. பின்பும் பலர் வளர்த்தனர். ஒரு நடிகையின் அறிவைப் போற்றுவதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

இணைப்பு விட்டுவிட்டு வருமானால் நோய் இந்த நெரிசலில் இருக்கிறது என்று கொள்ளலாம். கைப்பேசியை இணையப் பெட்டியிலிருந்து சற்று விலக்கி வைத்துப் பார்க்கவேண்டும். மனித உடலில் பெரும்பகுதி நீர். நீர் இவ்வலையை உறிஞ்சும். கைப்பேசியைப் பின்பையில் வைத்துக்கொண்டு செவியில் தடங்கல் என்று முறையிடுவோர், தம் உடலையே நடுவில் சுவராக நிறுத்திவிட்டார்கள்.

என் நோய் அதுவன்று. என் இணைப்பு அறுபடவில்லை, உண்டாகவே இல்லை. இவ்விடத்தில் இம்முறையின் மற்றொரு பாதியை அறியவேண்டும். இரண்டு கருவிகள் முதன்முதல் அறிமுகமாகும்போது ஒரு மறைமொழியைத் தமக்குள் வகுத்துக்கொண்டு, இரண்டும் தனித்தனியே குறித்து வைத்துக்கொள்கின்றன. முற்காலத்தில் இதற்கு நாம் ஓர் எண்ணை அடிக்க வேண்டியிருந்தது. பலரும் நான்கு சுழியங்களையே அடித்தார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி! 2007ஆம் ஆண்டு முதல் வலிய மறைமொழியைக் கருவிகளே வகுத்துக்கொள்ளும் முறை வந்தது. அடுத்த முறை சந்திக்கும்போது இரண்டின் குறிப்பும் ஒத்திருந்தால்தான் பேச்சு நடக்கும். ஒன்று அழித்துவிட்டு மற்றொன்று வைத்திருந்தால், பெயர் தெரியும், கதவு திறக்காது.

இதைப் படித்த பிறகும் என் வீட்டுப் புதிர் முழுவதும் அவிழவில்லை. ஒரு மாலை முற்றத்தில் அமர்ந்திருந்தேன். திடீரென்று என் இரு காதிலும் ஒரு பெண்குரல் பின்னங்களைக் கூட்டும் முறையை விளக்கத் தொடங்கியது. அதே நேரத்தில் உள்ளறையிலிருந்து என் பேத்தி, "அம்மா, பாடத்தில் சத்தமே வரவில்லை" என்று கூவினாள். புதிர் அவிழ்ந்தது. என் பழைய கைப்பேசியை அவள் பாடம் பார்ப்பதற்கென்று கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு காலையிலும் என் செவிக்கருவி விழித்தவுடன் அறிமுகமான பழைய கைப்பேசியைக் கண்டு அதனிடமே போய்விட்டது. புதியது தொட்டுத் தொட்டுக் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய கைப்பேசியில் என் கருவியின் பெயரைத் தேடி, 'மறந்துவிடு' என்ற கட்டளையைத் தொட்டேன். ஆயினும் புதியது இணையவில்லை. காரணம் நானே. முதல்நாள் பதற்றத்தில் புதியதிலிருந்த பதிவை அழித்திருந்தேன். அதன் குறிப்பு போய்விட்டது, செவிக்கருவியின் குறிப்பு மட்டும் இருந்தது. செவிக்கருவியை ஒருமுறை அணைத்து உயிர்ப்பித்தால், முதல் சில நிமிடங்கள் அது புதிய அறிமுகத்திற்கு இசைந்து நிற்கும். கைக்குறிப்பில் அச்சாகியிருந்த இந்தச் செய்தியைப் படிக்காமலே இரண்டு ஆண்டுகளாகப் பெட்டியில் வைத்திருந்தேன். மாணவர்களை வினாத்தாளை முழுதும் படியுங்கள் என்று ஆயிரம் முறை அதட்டியவன் நான்! அணைத்தேன், உயிர்ப்பித்தேன், திரையில் பெயர் தோன்றியது, தொட்டேன். செவியில் ஒரு சிறு மணியோசை கேட்டது.

முதல் அழைப்பைக் கணித ஆசிரியருக்கே விடுத்தேன். அறுவை முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. குரல் மெலிந்திருந்தது. "இப்போது கேட்கிறதா சார்?" என்றார். கேட்கிறது என்றேன். அன்று நான் கூறிய 'நல்லது'க்கு அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலை முதல் பேருந்தில் அவர் ஊருக்குப் புறப்பட்டேன்.