புலியின் அம்மாவிடம் துக்கம் விசாரிக்க

"நல்லதுக்குக் கூப்பிட்டாப் போகணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகணும்" என்பாள் என் ஆச்சி. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடாக இருந்தாலும், சாவு விழுந்தால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். ஜார்ஜியாவின் நாட்டுப்புறக் கதைப்பாடல் ஒன்றை ஆங்கிலத்தில் வாசித்தபோது அவள் ஞாபகம்தான் வந்தது.

பாடலின் பெயர் 'புலியும் இளைஞனும்'. காகசஸ் மலையில் கெவ்சுரேதி என்கிற பகுதியில் வாய்மொழியாக வழங்கிவந்தது. பாடியவர் யாரென்று தெரியாது, வடிவங்கள் பல. கதை சின்னதுதான். மலையாடு வேட்டைக்குப் போன இளைஞன் ஒருவன் பாறைச் சரிவில் புலியிடம் மாட்டுகிறான். புலி அவனுடைய இரும்புச் சட்டையைக் கிழிக்கிறது, அவன் வாளால் வெட்டுகிறான், இருவருமே செத்துப்போகிறார்கள். சேதி கேட்ட அம்மா அழுகிறாள். மகன் பயந்து சாகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறாள்.

இதுவரைக்கும் நமக்குப் பழகிய வீரத்தாய் பாட்டுதானே என்று நினைத்தேன். ஆனால் பாட்டு அங்கே நிற்கவில்லை. அவளுடைய தூக்கத்தில் சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. ஒருசமயம் புலியின் கை ஓங்குகிறது, ஒருசமயம் மகனின் கை. அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது, அந்தப் புலிக்கும் ஒரு அம்மா இருப்பாளே என்று. அவள் தன்னைவிட அதிகமாகக்கூட அழுதுகொண்டிருக்கலாம். போய்த் துக்கம் விசாரிப்பது, அவரவர் பிள்ளையைப் பற்றி ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வது என்று முடிவெடுக்கிறாள். பாடல் முடிந்துவிடுகிறது. சந்திப்பு நடந்ததா என்று அது சொல்வதில்லை.

இதை மன்னிப்பின் கவிதை என்று வாசிக்கலாம். எனக்கு அது ஒட்டவில்லை. மன்னிப்பவர் ஒரு படி மேலே நிற்க வேண்டியிருக்கிறது. இந்த அம்மா அப்படி நிற்கவேயில்லை. கெவ்சுரேதி ரத்தப்பழி வழக்கம் இருந்த நிலம், கொலைக்குக் கொலைதான் கணக்கு. வாழா ப்ஷவேலா 1888இல் எழுதிய 'அலுதா கெதெலௌரி' என்ற கதைக்கவிதையின் நாயகன் அந்த மண்ணின் வீரன். தான் கொன்ற எதிரியின் வலது கையை வெட்டியெடுக்க மறுக்கிறான், அவனுக்காகப் பலியும் கொடுக்கிறான். அதற்காக ஊர் அவனைக் குடும்பத்தோடு வெளியேற்றிவிடுகிறது. எதிரிக்காகத் துக்கப்படுவது அங்கே அவ்வளவு பெரிய குற்றம்! நம் பாட்டிலோ இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கணக்கு நேர். என்னைப்போன்ற ப்ரோகிராமராக இருந்தால் அதோடு ஃபைலை மூடியிருப்பான். அவளோ கணக்கு முடிந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறாள்.

எனக்காக ஒருமுறை தமிழில் பெயர்த்துப் பார்த்தேன். முதல் பத்தியிலேயே சிக்கல். இளைஞன் 'அவன்', புலி 'அது'. உயர்திணை, அஃறிணை என்று நம் இலக்கணம் இரண்டு பேரையும் முதலிலேயே பிரித்துவிடுகிறது. ஜார்ஜிய மொழியின் படர்க்கைச் சொல்லில் அவன், அவள், அது என்ற பிரிவே கிடையாது, மூன்றுக்கும் ஒரே சொல். அந்த அம்மா தாண்டவேண்டிய வேலி அவள் பேச்சில் இல்லை. தமிழில் வாசிக்கிற நான்தான் அதைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

எந்த விலங்கு என்பதும் கேள்விதான். மூலத்தில் உள்ள 'வெப்க்வி' என்ற சொல் இன்றைய ஜார்ஜிய மொழியில் புலியைக் குறிக்கிறது. பழைய வழக்கில் அது சிறுத்தை என்று வாதிடுபவர்கள் உண்டு. ருஸ்தவேலியின் காவியத்தை 1912இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் மார்ஜரி வார்ட்ராப் தோல் போர்த்திய வீரனின் கதையாகத் தரும்போது, அது சிறுத்தைத் தோல்தான். அந்தக் காவியத்திலும் ஒரு சந்திப்பு உண்டு. நாயகன் தாரியேல் ஒரு பெண்விலங்கில் காதலியின் சாயலைக் கண்டு முத்தமிடப் போகிறான். அது நகத்தால் கீற, கொன்றுவிடுகிறான். அங்கே விலங்கு இன்னொருத்தியின் உருவகம் மட்டுமே. மலைப்பாட்டில் அதற்குச் சொந்தமாக ஒரு வீடும் அம்மாவும் உண்டு. பாறையும் மலையாடும் வருவதால் மலைப்பாட்டின் விலங்கும் சிறுத்தையாகவே இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

சிறுத்தையோ புலியோ, வரலாறு இரண்டையும் விட்டுவைக்கவில்லை. 1922இல் திபிலீசிக்கு அருகே ஒரு புலி கொல்லப்பட்டது. ஜார்ஜியாவின் கடைசிப் புலியாகச் சொல்லப்படுவது அதுதான். அதன் பாடம் செய்த உடல் அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வாஷ்லோவானி காட்டில் தானியங்கிக் காமிராவில் ஒற்றைச் சிறுத்தை பதிவானது. சில வருஷங்களில் அதுவும் கண்ணில் படாமல் போனது.

முதல் வாசிப்பில் அந்தச் சந்திப்பைப் பாடாமல் விட்டது பாட்டின் அழகு என்று தோன்றியது. இப்போது அந்த இடம் வேறு மாதிரி உறுத்துகிறது. ஆச்சி சொன்னமாதிரி கூப்பிடாமலே போகலாம்தான். போகிற வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே.