தந்தைக்குப் பின் மகன்

தொப்பூர்ப் பக்கத்து உழவர் ஒருவருக்கு அடங்கல் நகல் தேவையென்றால் இன்று கிராம நிர்வாக அலுவலரிடம் செல்வார். அவர் தேர்வெழுதிப் பணிக்கு வந்தவர். முற்காலத்தில் நிலைமை வேறு. கணக்குப்பிள்ளையின் மகனே அடுத்த கணக்குப்பிள்ளை. மணியக்காரர் பதவியும் அப்படியே. 1895ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் இப்பரம்பரை உரிமையை உறுதி செய்தது. நில அளவும் வரிக்கணக்கும் மகன் தந்தையிடமே கற்றான். பிறருக்கு அவ்வாய்ப்பு ஏது?

பதவியில் வாரிசு உரிமை அரசியலமைப்புக்கு முரண் என 1960இல் உச்சநீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் பழைய குடும்பத்தார் பலர் பதவியில் நீடித்தனர். 1980 நவம்பர் 14ஆம் நாள் தமிழக அரசு அப்பதவிகளையே ஒழித்தது. 1982இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. பின்னர் தேர்வு முறை வந்தது.

தேர்வு வந்தால் குடும்பச் செல்வாக்கு மறைந்துவிடுமா? சீனத்தைப் பாருங்கள். அங்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, 1905 வரை, அரசுப் பணிக்குத் தேர்வு நடந்தது. ஆனால் பல்லாண்டுகள் உழைக்காமல் படிக்க வசதி வேண்டுமே! வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் வென்றனர்.

தேர்வு கதவைத்தான் திறக்கும். வாசல்வரை நடந்துவர ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியும் நூலகமும் வேண்டும். அவற்றைத் தருவது நம் கடமையல்லவா?