வெள்ளியில் பதிந்த பெயர்கள்



நகைக்கடைக்குச் சென்றால் '916' முத்திரை இருக்கிறதா என்று கேட்காத தாய்மார் நம்மிடையே அரியர். ஆயிரம் பங்கில் 916 பங்கு தூய தங்கம் என்பது அதன் பொருள். நம் முன்னோர் உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்த்தனர். நாம் எண்ணைப் பார்க்கிறோம். வெள்ளிக்கும் இத்தகைய முத்திரைகள் உள்ளன. அவற்றுள் பல நூற்றாண்டுகளாக அறாமல் தொடர்ந்து வரும் இங்கிலாந்து நாட்டு வெள்ளி முத்திரைகளின் வரலாற்றை இப்பதிவில் காண்போம்.

தூய வெள்ளி மிகவும் மென்மையானது. ஆகவே அதனுடன் செம்பைக் கலப்பர். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருந்தால் அது 'ஸ்டெர்லிங்' எனப்படும். செம்பைக் கூட்டி வெள்ளியைக் குறைத்தால் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஏமாற்றைத் தடுக்கவே 1300ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் எட்வர்டு ஒரு சட்டம் இயற்றினார். ஸ்டெர்லிங் தரத்துக்குக் குறைந்த வெள்ளிப் பாத்திரத்தை விற்கக் கூடாது; சோதித்துத் தேறிய பாத்திரத்தில் சிறுத்தைத் தலை முத்திரை இடப்பட வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. 1363இல் ஒவ்வொரு கொல்லரும் தமக்கென ஓர் அடையாள முத்திரை வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. இன்று ஓவியர் தம் ஓவியத்தில் கையொப்பம் இடுவதுபோல் பெருமைக்காக எழுந்த வழக்கமன்று இது. பாத்திரம் போலியென்று தெரிந்தால் எவரைப் பிடிப்பது என்பதற்கான ஏற்பாடு அது.

சோதிப்பவரே கையூட்டு வாங்கிக்கொண்டால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டனர். 1478 முதல் லண்டன் கொல்லர்கள் தம் பொருள்களைப் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கே கொண்டுசென்று சோதனைக்கு உட்படுத்த வேண்டியதாயிற்று. மண்டபத்தை ஆங்கிலத்தில் 'ஹால்' என்பர். 'ஹால்மார்க்' என்னும் சொல் இவ்வாறே பிறந்தது. அவ்வாண்டு முதல் ஓர் எழுத்தையும் சேர்த்துப் பதித்தனர். எழுத்து ஆண்டுதோறும் மாறும். எந்த ஆண்டில் பொறுப்பிலிருந்தவர் இதனைத் தேர்ச்சி பெறச் செய்தார் என்பதை அதைக்கொண்டு அறியலாம். செய்தவருக்கும் பொறுப்பு, சோதித்தவருக்கும் பொறுப்பு! பழம்பொருள் ஆய்வாளர்கள் இன்று காலத்தைக் கணிக்கப் பெரிதும் நம்பியிருக்கும் அவ்வெழுத்து, உண்மையில் அதிகாரிக்கு வைத்த கடிவாளமாகும்.

1544இல் நடக்கும் சிங்கத்தின் உருவம் சேர்ந்தது. 1784 இறுதியில் வரி செலுத்தியதற்கு அடையாளமாக மன்னரின் தலையும் சேர்ந்தது. அது 1890 வரை நீடித்தது. 1773இல் தொடங்கப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலைக்கு நங்கூரமும் ஷெஃபீல்டுக்கு மணிமுடியும் அடையாளங்களாயின.

இவற்றை எவ்வாறு படிப்பது? ஒரு கரண்டியை எடுத்துக்கொள்வோம். அதில் சிங்கம், முடி சூடிய சிறுத்தைத் தலை, ஆங்கிலச் சிற்றெழுத்து 'எம்', மன்னர் தலை, வளைந்த கையெழுத்து வடிவில் 'எச்.பி.' ஆகிய ஐந்தும் உள்ளன. சிங்கம் இருப்பதால் ஸ்டெர்லிங். சிறுத்தை இருப்பதால் லண்டன். லண்டனில் இருபது எழுத்துகளே சுழற்சியில் வந்தன. 'ஐ'யும் 'ஜே'யும் ஒன்றாகவே கருதப்பட்ட காலமாதலால் 'ஜே' கிடையாது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை 'எம்' திரும்ப வரும். எழுத்தின் வடிவமும் அதனைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவமும் மாறும். சிற்றெழுத்து வரிசை 1776இல் தொடங்கியது. ஆகவே 'எம்' 1787ஐக் குறிக்கும். அப்போதெல்லாம் மே மாத இறுதியில்தான் எழுத்து மாறும் என்பதால் 1788இன் முற்பகுதியும் அதில் அடங்கும். மன்னர் தலையும் இதற்குப் பொருந்துகிறது. 1784, 1785ஆம் ஆண்டு எழுத்துகளோடு வரும் மன்னர் தலை குழிவாகப் பதிந்திருக்கும். 1786க்குப் பின் புடைப்பாக இருக்கும். ஒரு சான்றை மற்றொரு சான்றால் சரிபார்க்கும் இம்முறையை மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது 'எச்.பி.' அது ஹெஸ்டர் பேட்மன் என்னும் பெண்மணியின் முத்திரை. தங்கச் சங்கிலி செய்யும் தொழிலாளரான அவர் கணவர் 1760இல் இறந்தபோது, தம் கருவிகளை மனைவிக்கே எழுதி வைத்தார். மறு ஆண்டே, ஐம்பது வயதைக் கடந்த அவ்வம்மையார் தம் பெயரில் முத்திரையைப் பதிவு செய்தார். அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் 1774க்கு முன் அவருடைய முத்திரை அரிதாகவே கிடைக்கிறது. அவர் பட்டறை அந்நாளில் பெரும்பாலும் பிற வணிகர்களுக்காகவே வேலை செய்தது. அவ்வணிகர் தம் முத்திரையை மேலே பதித்துக்கொள்வர். கூர்ந்து நோக்கினால் சில பாத்திரங்களில் அடியில் உள்ள முத்திரையின் தடம் தெரியும்.

ஒன்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும். 'எச்.பி.' பொறித்த எல்லாவற்றையும் அவரே தம் கையால் தட்டி உருவாக்கினார் என்பதற்கில்லை. முத்திரை, பட்டறைக்குப் பொறுப்பாளர் எவர் என்பதையே சொல்கிறது. தட்டியவர்கள், மெருகிட்டவர்கள், எடுபிடிச் சிறுவர்கள் எவருக்கும் முத்திரை இல்லை.

போலிகளும் இருந்தன. 1720இல் அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி வந்தது. உடனே சிலர் சிறிய பொருளொன்றைச் சோதனைக்கு அனுப்பி, முத்திரை பெற்ற பகுதியை வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்தில் ஒட்ட வைத்தனர். பாத்திரத்தின் மீது வாயால் ஊதினால் பற்றுவைத்த கோடு தென்படும் என்பர். முத்திரையைப் போலியாகச் செய்வோருக்கு 1758 முதல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1773இல் அது 14 ஆண்டு நாடு கடத்தலாகக் குறைந்தது.

பெற்றோருக்கு ஒரு சொல். நம் வீட்டுப் பழைய கரண்டிகளில் 'ஈ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் அது வெள்ளியன்று. நிக்கல் கலந்த உலோகத்தின்மேல் மின்முறையில் பூசிய வெள்ளி முலாம். சில நிறுவனங்கள் இவ்வெழுத்துகளைத் தனித்தனிக் கேடயங்களுக்குள் அமைத்து ஹால்மார்க் போலவே தோன்றச் செய்தன. சிங்கம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஹெஸ்டர் 1790இல் ஓய்வு பெற்றார். மகன்கள் பீட்டரும் ஜொனதனும் 'பி.பி., ஐ.பி.' என்று இணைந்து பதிவு செய்தனர். ஜொனதன் 1791இல் இறந்தார். அவ்வாண்டே 'ஐ.பி.' மறைந்து 'ஏ.பி.' தோன்றுகிறது. அது ஜொனதனின் மனைவி ஆன் என்பவரின் முத்திரை.