ஜுல்பாவும் செஞ்சியும்: இரண்டு ஊர்களின் கதையும் சென்னை ஆர்மீனியரும்

ஜுல்பா ஆர்மீனியரின் பழைய வணிக ஊர். இன்றைய அசர்பைஜானின் நக்கிச்செவான் பகுதியில், அராஸ் ஆற்றின் கரையில் இருந்தது. செஞ்சி விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டை ஊர். ஏறத்தாழ ஒரே காலத்தில் சிறந்து விளங்கிய இரண்டும் பேரரசுகளின் போர்களால் நிலைகுலைந்தன. செஞ்சியில் கோட்டை நின்றது, நகரம் கலைந்தது. ஜுல்பாவில் ஊர் அழிந்தது, மக்கள் அதன் பெயரைச் சுமந்துகொண்டு வெளியேறினர். அவர்களில் சிலர் சென்னைக்கு வந்தனர். சென்னையின் பழைய பாலம் ஒன்றும், ஒரு தெருவின் பெயரும், உலகின் முதல் ஆர்மீனிய இதழும் அந்த வருகையின் விளைவுகள்.

ஜுல்பாவின் இடப்பெயர்வு

16ஆம் நூற்றாண்டில் ஜுல்பா வணிகர்கள் பாரசீகப் பட்டை மேற்கே கொண்டுபோய் விற்றுச் செழித்தனர். அந்த நிலப்பகுதிக்காக உஸ்மானியப் பேரரசும் பாரசீகமும் ஓயாமல் போரிட்டன. 1604இல் உஸ்மானியப் படை நெருங்கியபோது, பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் எதிரிக்கு எதுவும் மிஞ்சக்கூடாது என்று அந்த நாட்டை வெறுமையாக்கினார். ஜுல்பா மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஊர் பாழாக்கப்பட்டது.

அவர்களைத் தன் தலைநகரான இஸ்பஹானில், ஆற்றின் தென்கரையில் மன்னர் குடியேற்றினார். வணிகத்தில் அவர்களுக்கிருந்த திறமை அவருக்குத் தேவைப்பட்டது. புதிய குடியிருப்புக்கு மக்கள் பழைய ஊரின் பெயரையே வைத்தனர். அதுவே புதிய ஜுல்பா. அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம், வெனிஸ் முதல் சூரத், சென்னை, மணிலா வரை அவர்களின் வணிகம் பரவியது. உறவினர்களையும் ஊர்க்காரர்களையும் நம்பிப் பணத்தையும் சரக்கையும் ஒப்படைக்கும் வழக்கமே இந்த வணிகத்தின் அடித்தளம். எங்கே வாழ்ந்தாலும் அவர்கள் தங்களை ஜுல்பாக்காரர்களாகவே கருதினர்.

செஞ்சி: கோட்டையும் நகரமும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்துக் கட்டப்பட்டது செஞ்சிக் கோட்டை. நாயக்கர் காலத்தில் இது கோட்டை மட்டுமாக இருக்கவில்லை. 1597இல் இங்கு வந்த பிமெண்டா என்ற இயேசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகலின் எந்த நகரத்தையும்விடச் செஞ்சி பெரியது என்று எழுதினார். களஞ்சியம், கல்யாண மகால், குளங்கள், வேங்கடரமணர் கோயில் ஆகியவை அந்த நகரத்தின் எச்சங்கள்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. 1677இல் சிவாஜி அதை வென்றார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, 1690 முதல் 1698 வரை ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் நடந்த போரில் ராஜா தேசிங்கு இறந்தார். தெருக்கூத்திலும் கதைப்பாடலிலும் அவர் இன்றும் வாழ்கிறார். அதன் பிறகு அதிகாரம் ஆற்காட்டுக்கு நகர்ந்தது.

செஞ்சியின் போர்களும் துறைமுகங்களும்

செஞ்சி யார் கையில் இருந்ததோ, அவர்களுடன் கடற்கரை வணிகர்கள் பேசியாக வேண்டியிருந்தது. 1690இல் கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்தே விலைக்கு வாங்கியது. அதுவே பின்னாளில் புனித டேவிட் கோட்டை ஆயிற்று.

அதற்கு 2 ஆண்டுகள் முன்பு, 1688 ஜூன் 22 அன்று, லண்டனில் கம்பெனி ஆர்மீனியருடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆர்மீனியர் சார்பில் பேசியவர் கோஜா பானோஸ் கலந்தர். கம்பெனியின் ஊர்களில் ஆங்கிலேயருக்கு உள்ள உரிமைகள் ஆர்மீனியருக்கும் உண்டு என்றும், 40 பேருக்கு மேல் குடியிருக்கும் இடத்தில் தேவாலயத்துக்கு நிலம் தரப்படும் என்றும் அது கூறியது. ஊரை இழந்த வணிகர்களுக்கு இது முக்கியமான பிடிமானம். சென்னையில் அவர்களின் முதல் தேவாலயம் 1712இல் எழுந்தது.

கோஜா பெட்ரஸ் உஸ்கான்

சென்னை ஆர்மீனியரில் பெயர் பெற்றவர் புதிய ஜுல்பாவில் பிறந்த கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தன் செலவில் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் அமைத்ததே. பழைய பாலம் இருந்த இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் உள்ளது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தால் உடைமைகளைத் திருப்பித் தருவதாக உஸ்கானிடம் கூறினர். அவர் மறுத்ததால் உடைமைகளை இழந்தார். 1749இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியபோது ஆர்மீனியருக்கு மற்றொரு அடி விழுந்தது. பிரெஞ்சுக்காரருக்குத் துணை போயிருப்பார்கள் என்ற ஐயத்தில், கோட்டைக்குள் வாழும் உரிமையைக் கம்பெனி பொதுவாக அவர்களிடமிருந்து பறித்தது. 1688 ஒப்பந்தம் அவர்களைக் காக்கவில்லை. 1751இல் உஸ்கான் இறந்தார். உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விருப்பப்படி இதயம் புதிய ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டதாக அவரது வரலாறு கூறுகிறது.

செஞ்சியும் இந்தப் போர்களிலிருந்து தப்பவில்லை. 1750இல் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. 1761இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. செஞ்சியின் அழகிய கல்தூண்கள் சில புதுச்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டு, இன்று அங்கே கடற்கரையில் நிற்கின்றன.

சென்னையில் எழுதப்பட்ட ஆர்மீனிய அரசியலமைப்பு

கோட்டையிலிருந்து வெளியேறிய ஆர்மீனியர் அருகிலிருந்த கறுப்பர் பட்டினத்தில் வாழ்ந்தனர். அங்கே 1772இல் இப்போதுள்ள புனித மேரி தேவாலயம் கட்டப்பட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் ஷாஹமிர் ஷாஹமிரியன் என்ற வணிகர் ஓர் ஆர்மீனிய அச்சகத்தை நிறுவினார். உறங்கும் ஆர்மீனியரை விழிக்கச் சொல்லும் நூல் ஒன்று அங்கே அச்சானது. ஆர்மீனியத் திருச்சபையின் தலைவர் அதைக் கண்டித்து எரிக்கச் சொன்னார்.

அதே அச்சகத்திலிருந்து வெளிவந்த 'வொரோகைத் பராத்ஸ்' இன்னும் துணிச்சலானது. மன்னர் இல்லாத ஆர்மீனியா, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஆட்சி ஆகியவற்றை அது 521 பிரிவுகளில் வகுத்தது. அப்போது ஆர்மீனியா என்ற தனிநாடே இல்லை. அந்த நிலம் இரு பேரரசுகளிடம் பங்குபட்டுக் கிடந்தது. ஒரே மன்னரின் கட்டளையால் ஊர் இல்லாமல் போனவர்களின் வழித்தோன்றல்கள், மன்னருக்குப் பதில் சட்டத்தை நாடியதில் வியப்பில்லை.

1794இல் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன் 'அஸ்தரார்' என்ற இதழைச் சென்னையில் தொடங்கினார். ஆர்மீனிய மொழியின் முதல் இதழ் அது. 1796 வரை 18 இதழ்கள் வந்தன. அவருடைய கல்லறை புனித மேரி தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

இன்றைய நிலை

அராஸ் கரையில் பழைய ஜுல்பாவின் அடையாளமாக எஞ்சியிருந்தது அதன் இடுகாடு. அங்கே சிலுவை செதுக்கிய ஆயிரக்கணக்கான கற்கள் இருந்தன. நம் நடுகற்களைப்போல அவையும் இறந்தவர் நினைவாக நடப்பட்டவை. 2005 டிசம்பரில் எஞ்சியவையும் உடைத்து அகற்றப்பட்டன. இஸ்பஹானில் புதிய ஜுல்பா இன்றும் ஆர்மீனியர் வாழும் பகுதியாக உள்ளது.

செஞ்சி இப்போது ஒரு பேரூர். அதன் கோட்டை, மராட்டியப் படைத்தளங்கள் என்ற தொகுதியில் இடம்பெற்ற 12 கோட்டைகளில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை இது.

சென்னையில் ஆர்மீனியர் அநேகமாக எவரும் இல்லை. பாரிமுனை அருகே அவர்கள் தேவாலயம் இருக்கும் ஆர்மீனியன் தெரு, தமிழ் வழக்கில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. ஆர்மீனியக்காரன் என்பது நாவில் திரிந்து வந்த பெயர் அது. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. பெயர்க் காரணம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்தத் தெரு ஜுல்பாவை நினைவூட்டும்.