ஸ்டெப் போட்டுக் காட்டிய விஞ்ஞானிகள்



கணக்கில் விடையை மட்டும் எழுதினால் நான் மார்க் போட மாட்டேன், ஸ்டெப் எங்கே என்று கேட்பேன். என்னிடம் படித்தவர்களுக்கு இது தெரியும். ஈர்ப்பு அலைகளின் வரலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது.

பெரும் நிறை கொண்ட பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது வெளியிலேயே அலை எழும் என்று 1916-ல் ஐன்ஸ்டீன் கணித்தார். 1969-ல் அமெரிக்காவின் ஜோசப் வெபர், அலுமினிய உருளைகளைக் கொண்டு அந்த அலையைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். மற்றவர்களும் கருவி செய்து பார்த்தார்கள். யாருக்கும் அகப்படவில்லை.

பதிவுகள் கைமாறிய பிறகுதான் உண்மை தெரிந்தது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் டக்ளஸ், வெபரின் கணினி நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். இன்னொன்றும் வெளிவந்தது. டக்ளஸின் கருவியிலும் தன் கருவியிலும் ஒரே நேரத்தில் அதிர்வு பதிவானதாக வெபர் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு கடிகாரம் கிரீன்விச் நேரம், மற்றொன்று அமெரிக்க நேரம். நடுவில் 4 மணி நேர வித்தியாசம்!

வெபர் இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி போட்டவர். ஆனாலும் பிறர் பார்த்ததால்தான் அந்தப் பிழை பிடிபட்டது.

2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவில் இரண்டு இடங்களில் உள்ள லைகோ கருவிகள் உண்மையான அலையைப் பிடித்தன. சூரியனைப்போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதிய அலை அது. கருவியில் அது தெரிந்தது ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே. 2016 பிப்ரவரி 11 அன்று உலகுக்கு அறிவித்தார்கள். அன்றே அந்த நிகழ்வின் பதிவையும் இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். அந்த முதல் சுற்றுப் பதிவுகள் முழுவதும் 2018-ல் வெளிவந்தன. உழைத்தவர்கள் முதலில் ஆராய்ந்து சரிபார்க்கக் கொஞ்ச காலம், பிறகு எல்லோருக்கும் பொது. நியாயமான ஏற்பாடு.

விளைவு என்ன? 2017-ல் கோபன்ஹேகன் குழு ஒன்று அதே பதிவை எடுத்து, இரைச்சலில் சந்தேகம் இருக்கிறது என்றது. வேறு குழுக்களும் அதே பதிவைக் கொண்டே சோதித்தன. கண்டுபிடிப்பு அசையாமல் நின்றது. 2019-ல் பிரின்ஸ்டனில் தேஜஸ்வி வேணுமாதவ் உள்ளிட்ட குழுவினர், பொதுவில் கிடைத்த பதிவுகளை மட்டும் அலசி, லைகோ பட்டியலில் இல்லாத 6 புதிய மோதல்களை அறிவித்தார்கள். சிலவற்றை வேறொரு குழுவும் தனியாகக் கண்டது.

நம்மவர் பங்கும் இதில் உண்டு. இரைச்சலுக்குள்ளிருந்து அலையைப் பிரித்தெடுக்கும் கணக்கில் புனேயில் சஞ்சீவ் துரந்தரும் சத்யபிரகாஷும் 1991-லேயே உழைத்தார்கள். சென்னை சிறுசேரி கணிதவியல் நிறுவனத்தாரும் லைகோ கூட்டமைப்பில் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023-ல் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அது நம் வரிப்பணம். அதன் பதிவுகளும் இதேபோல் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஈர்ப்பு அலைத் திறந்த அறிவியல் மையத்தின் இணையதளத்தில் பதிவுகளும் பாடங்களும் இலவசம். ஒரு கணினியும் பைத்தான் நிரல்மொழியும் இருந்தால் போதும். பொம்மிடியில் இருக்கும் பிள்ளைக்கும் பிரின்ஸ்டனில் இருப்பவருக்கும் கிடைப்பது ஒரே பதிவுதான். கல்லூரியில் இயற்பியலோ கணினியோ படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
பொம்மிடி.