அன்று ‘கிளாஸுக்குப் போ’ என்றது அரசு... இன்று அதே பேச்சில் விளம்பரம்! சிங்கிலீஷை வகுப்பில் எப்படிச் சொல்லித் தருவது?

2021 மே மாதம். கொரோனா தடுப்பூசி போட்டுக்கச் சொல்லி சிங்கப்பூர் அரசு ஒரு பாட்டு வீடியோ வெளியிட்டது. சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், மஞ்சள் கலர் பூட்ஸ் என ஆடிப் பாடியவர் புவா சூ காங். நடிகர் குர்மித் சிங் நடித்த பிரபல டிவி காமெடி கதாபாத்திரம் இது. பாட்டு முழுக்க சிங்கிலீஷ் வாசனை!

இதில் வேடிக்கை என்னன்னா, 22 வருஷத்துக்கு முன்னாடி இதே புவா சூ காங்கைத்தான் இங்கிலீஷ் கிளாஸுக்கு அனுப்பச் சொன்னார் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங். அதுவும் 1999 தேசிய தின உரையில்!

ஒரே பேச்சு. ஒரு நேரம் அவமானம், இன்னொரு நேரம் மக்களை நெருங்கும் வழி. இந்த முரண்பாட்டைப் புரிய வைப்பதுதான் ‘உலக ஆங்கிலங்கள்’ பாடத்தின் மையம்.

சிங்கிலீஷ் என்றால் என்ன?

சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஆட்சிமொழிகள். வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, பள்ளியில் ஆங்கிலம் என வாழ்ந்த மக்களிடம் தானாக உருவான பேச்சு ஆங்கிலம்தான் சிங்கிலீஷ்.

இது வாய்க்கு வந்தபடி பேசுவது இல்லை. இதற்கும் இலக்கணம் இருக்கு. ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்றால் ‘சாப்டாச்சு’. ‘கேன்?’ என்று கேட்டால் ‘முடியுமா?’, ‘கேன்’ என்றால் ‘முடியும்’. ஒரே சொல்லில் கேள்வியும் பதிலும் முடிஞ்சுது.

வாக்கியக் கடைசியில் வரும் ‘லா’, ‘லோர்’, ‘மே’ போன்ற ஒட்டுகளுக்கும் தனித்தனி வேலை உண்டு. ‘லா’ அழுத்தமும் நெருக்கமும் சேர்க்கும். ‘லோர்’ என்றால் ‘வேற வழியில்லை, அவ்வளவுதான்’ என்ற தொனி. ‘மே’ சந்தேகத்தைக் காட்டும். நாம ‘வாங்க’ன்னு சொல்றதுக்கும் ‘வாங்களேன்’னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா? அதே மாதிரிதான்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே இருக்கும் சின்ன மளிகைக் கடைக்கு அங்கே ‘மாமா ஷாப்’ என்று பெயர். அந்த மாமா நம்ம மாமாதான்!

அரசு ஏன் எதிர்த்தது?

சிங்கிலீஷ் சிங்கப்பூரர்கள் தலையில் கட்டக் கூடாத ஒரு குறைபாடு என்ற பொருளில் 1999-ல் பேசினார் லீ குவான் யூ. அடுத்த ஆண்டே ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது.

காரணம் இல்லாமல் இல்லை. நாட்டின் பிழைப்பே வெளிநாட்டு வணிகத்தை நம்பி இருக்கு. பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி கிடையாது. கஷ்டப்பட்டுக் கற்க வேண்டியவர்களுக்கு சிங்கிலீஷ் அந்த வேலையை இன்னும் கடினமாக்கும் என்பது அரசின் வாதம். 2016-ல் கவிஞர் குவீ லீ சுய், சிங்கிலீஷை ஆதரித்து நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதற்கு பிரதமரின் பத்திரிகைச் செயலாளர் மறுப்புக் கடிதம் அனுப்பியபோது சொன்னதும் இதைத்தான்.

ஆனால் எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வியும் நியாயமானது. அம்மாவும் அப்பாவும் வீட்டில் பேசும் பேச்சை ‘தப்பு’ என்று பள்ளி சொன்னால், குழந்தை யாரைப் பார்த்து வெட்கப்படும்?

இலக்கியத்தில் எப்படி வருது?

கேத்தரின் லிம் எழுதிய ‘தி டாக்ஸிமேன்ஸ் ஸ்டோரி’ நல்ல உதாரணம். 1978-ல் வந்த ‘லிட்டில் ஐரனீஸ்’ தொகுப்பில் உள்ள சிறுகதை. ஒரு டாக்ஸி டிரைவர் பயணியிடம் பேசிக்கொண்டே வருகிறார். கதை முழுக்க அவர் பேச்சு மட்டும்தான்.

வழிதவறும் பள்ளி மாணவிகளைப் பற்றியும், அவர்களால் தனக்கு வரும் வருமானத்தைப் பற்றியும் அளக்கிறார். உடைந்த ஆங்கிலம் படிப்பவருக்குச் சிரிப்பு வரவைக்கும். போகப் போக, அவருடைய சொந்த மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று தெரிய வரும்போது சிரிப்பு நின்றுவிடும். இதையே ‘சுத்தமான’ ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது.

ஆர்தர் யாப்பின் ஒரு கவிதையில், குடியிருப்பு விளையாட்டுத் திடலில் இரண்டு அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் போட்டி போட்டுப் பெருமை அடிக்கிறார்கள். ஸ்டெல்லா கோனின் ‘எமிலி ஆஃப் எமரால்ட் ஹில்’ ஒரே நடிகை நடிக்கும் நாடகம். அதில் எமிலி ஆளுக்குத் தகுந்த மாதிரி பேச்சை மாற்றிக்கொண்டே இருப்பாள். ஒரே ஆள் பல ஆங்கிலம் பேச முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

டிவியில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

1997 முதல் 2007 வரை ஓடிய புவா சூ காங் தொடரில், அவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். தம்பி மனைவி மார்கரெட் பந்தாவான ஆங்கிலம் பேசுபவர். படிக்காதவர் பேச்சைக் கேட்டு ரசிகர்கள் சிரித்தது உண்மை. ஆனால் மார்கரெட்டின் அலட்டலைப் பார்த்தும் சிரித்தார்கள். இந்த இரண்டு சிரிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

வகுப்பில் கேட்க 4 கேள்விகள்

1. யார், யாரிடம், எந்த இடத்தில் பேசுகிறார்? அந்தஸ்து, வயது, நெருக்கம் எல்லாமே பேச்சை மாற்றும்.

2. கதை சொல்பவரும் அதே ஆங்கிலம் பேசுகிறாரா? வேலைக்காரர், டிரைவர் மட்டும் அப்படிப் பேசி, கதைசொல்லி ‘சுத்தமாக’ எழுதினால், எழுத்தாளர் மேலிருந்து பார்க்கிறாரா என்று கேட்கலாம்.

3. சிரிப்பு யார் பக்கம்? அந்த ஆளோடு சேர்ந்து சிரிக்கிறோமா, அவரைப் பார்த்துச் சிரிக்கிறோமா?

4. பாடநூல் ஆங்கிலத்துக்கு மாற்றினால் எது போகும்? ஒரு பத்தியை மாற்றி எழுதச் சொல்லிவிட்டு, இரண்டையும் சத்தமாக வாசிக்க வைத்தாலே போதும். பதில் தானாக வரும்.

சிங்கப்பூர் மட்டும்தானா?

இல்லை. டிரினிடாட்டில் பிறந்த சாம் செல்வன், ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ (1956) நாவலில் உரையாடலை மட்டுமல்ல, கதை சொல்லும் நடையையே கரீபியன் ஆங்கிலத்தில் அமைத்தார். நைஜீரியாவின் கென் சாரோ-விவா 1985-ல் வெளியிட்ட ‘சோசாபாய்’ நாவலை, ‘அழுகிய ஆங்கிலத்தில் ஒரு நாவல்’ என்று அட்டையிலேயே அறிவித்தார். 2017-ல் பிபிசி, மேற்கு ஆப்பிரிக்காவுக்காக பிட்ஜின் செய்திச் சேவையைத் தொடங்கியது. இந்தியாவில் ராஜா ராவ், கன்னட கிராமத்துப் பாட்டி கதை சொல்லும் ஓட்டத்தை ‘காந்தபுரா’ (1938) நாவலில் ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தார்.

ஸ்ரீநகரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு, ஆங்கிலத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்தார். தாய்மொழியாகப் பேசும் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகள், காலனி ஆட்சியால் ஆங்கிலம் வேரூன்றிய இந்தியா, சிங்கப்பூர், நைஜீரியா போன்ற நாடுகள், அந்நிய மொழியாகக் கற்கும் சீனா, ஜப்பான் போன்ற நாடுகள். இரண்டாவது வட்டத்து ஆங்கிலத்துக்கும் சொந்த நெறிகள் உண்டு என்பதுதான் அவர் வாதம். ஆக்ஸ்போர்டு அகராதியும் 2016-ல் ‘ஷியோக்’ போன்ற சிங்கப்பூர் சொற்களைச் சேர்த்தது. அதே ஆண்டு நம்ம ‘ஐயோ’வும் உள்ளே போனது!

அப்போ பரீட்சையில் இப்படி எழுதலாமா?

கூடாது. பரீட்சைக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் பொது ஆங்கிலம் கட்டாயம் வேணும். அதை ஒழுங்காகக் கற்றுத் தராமல் ‘எல்லா ஆங்கிலமும் ஒண்ணுதான்’ என்று சொன்னால், நஷ்டம் ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான். வசதியான வீட்டுப் பிள்ளை அதை எப்படியும் வீட்டிலேயே கற்றுக்கொள்ளும்.

ஆனால் பொது ஆங்கிலம் தெரிவது வேறு, வீட்டுப் பேச்சைக் கேவலமாக நினைப்பது வேறு. எங்கே எதைப் பேசணும்னு தெரிஞ்ச எமிலிதான் இந்தப் பாடத்தின் முன்மாதிரி. டாக்ஸி டிரைவர் கதையைப் படித்து முடித்த மாணவர், அடுத்த முறை யாராவது ‘தப்பான’ இங்கிலீஷ் பேசும்போது சிரிப்பதற்கு முன் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.