தாலிக் கயிற்றில் எத்தனை இழை?

போன வைகாசியில் செந்துறைப் பக்கம் போயிருந்தேன். முந்திரிக் காடு தாண்டி ஒரு ஊர். உறவுக்காரத் தங்கச்சி ஒருத்தி வாக்கப்பட்ட வீடு. அடுப்படிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். தலைப்பு, ‘கிறிஸ்தவ இல்லத்தரசி’. நாலரை மணிக்கு எழுந்து ஜெபம், வேதத்தில் மூன்று அதிகாரம், பூ கூடாது, பொட்டு கூடாது, எதிர்ப்பேச்சு கூடாது. மொத்தம் பதினான்கு வரி.

“அண்ணே, இதுல ஒண்ணு தவறிப்போனாலும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது” என்றாள். கைக்குழந்தைக்காரி. அவளுக்குத் தூக்கமே அபூர்வம்.

ஊருக்கு வந்தும் அந்தத் தாள் மனசை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளுக்கு இப்படி ஒரு பட்டியல் வந்தது இது முதல் தடவை இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்பு ஒன்று வந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தமிழர் பழக்கங்களில் எது சமயம், எது வெறும் ஊர் வழக்கம் என்று பிரித்துப் பார்த்தார். சந்தனம், பூணூல், குளியல் இவையெல்லாம் வழக்கம்தான், விசுவாசத்துக்கு விரோதம் இல்லை என்பது அவர் கட்சி. பெரிய சண்டை நடந்தது. கடைசியில் 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலக்காத வரை இருக்கட்டும் என்று அனுமதித்தார்.

அடுத்த நூற்றாண்டில் காற்று மாறியது. 1703 நவம்பரில் போப்பின் தூதர் தூர்நோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஏறக்குறைய எட்டு மாதம் அங்கே இருந்தார். உடம்புக்கு முடியவில்லை, உள்நாட்டு மறைத்தளங்களுக்கு அவர் போகவே இல்லை. இரண்டு பாதிரியார்களிடம் விசாரித்துக்கொண்டு, 1704 ஜூனில் ஓர் ஆணை எழுதினார். ஜூலையில் அதை வெளியிட்டுவிட்டுச் சீனாவுக்குக் கப்பல் ஏறினார்.

அந்த ஆணை கோயிலோடு நிற்கவில்லை, நேராக வீட்டுக்குள் நுழைந்தது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் அரசமரக் கிளை கூடாது, தேங்காய் உடைத்துக் குறி பார்க்கக் கூடாது. பெண் வயசுக்கு வந்தால் சடங்கு கூடாது.

இதில் எல்லாமே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளையார் உருவம் வேண்டாம் என்று ஒரு கிறிஸ்தவத் திருச்சபை சொன்னதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் தள்ளி வைக்கக் கூடாது என்று சொன்னதும் இதே ஆணைதான். அதாவது ஒரு கையால் விதி போட்ட ஆணை, இன்னொரு கையால் தீட்டு என்ற பழைய விதியை அவிழ்த்தது. ஆகவே பழைய வழக்கம் எல்லாம் சுதந்திரம், புதிய ஆணை எல்லாம் அடிமைத்தனம் என்று நாம் கோடு போட முடியாது. சட்டவாதம் இரண்டு பக்கமும் குடியிருந்தது.

இதற்குப் பிறகு நாற்பது வருஷம் ரோமுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே கடிதமும் மேல்முறையீடும் நடந்தன. அந்தக் காலத்தில்தான் வீரமாமுனிவர் இங்கே வேலை செய்தார். இதே அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிதான் அவருடைய திருக்காவலூர். கோணான்குப்பத்தில் மாதாவுக்குச் சேலை உடுத்தி, பெரியநாயகி என்று பெயர் வைத்தவர் அவர். அவர் எழுதிய 3,615 பாட்டுள்ள தேம்பாவணிக்கு நாயகன் யார்? ராஜா இல்லை, சேனாபதி இல்லை. தச்சு வேலை செய்து குடும்பம் காத்த சூசையப்பர். கயிற்றில் எத்தனை இழை என்று வழக்கு நடந்த காலத்தில், ஒரு காப்பியம் குடும்பஸ்தன் ஒருவனைக் கொண்டாடியது.

1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்தார். தடைகள் நிலைத்தன, குருக்கள் அவற்றுக்கு உட்பட்டு உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற விதியும் தொடர்ந்தது. அந்த உறுதிமொழி நீங்கியது 1940-இல்.

ஆனால் அதே 1744 ஆவணத்தில் இன்னொன்று இருக்கிறது. பறையர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அது ஏற்றுக்கொண்டது. நூல் இழையை எண்ணி விலக்கிய கண்ணுக்கு, பந்தியில் கிடந்த பிளவு பொறுத்துக்கொள்ளக் கூடியதாகப் பட்டது. சீரகத்திலும் வெந்தயத்திலும் கூடப் பத்தில் ஒன்று அளந்து கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் கோட்டைவிட்ட ஆட்களை இயேசு கடிந்துகொண்டாரே, அதுதான் இது. சமையலறைச் சாமானை வைத்தே அவர் சொன்னது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

சட்டவாதம் என்றால் நிறைய விதி வைத்திருப்பது என்று நான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. விதி இல்லாமல் வீடு நடக்காது. உலை வைக்கவும் நேரம் காலம் வேண்டும். எளிதில் எண்ணக்கூடியதை எண்ணிவிட்டு, எண்ண முடியாததை மறந்துவிடுவதுதான் சட்டவாதம். ஜெபத்துக்கு எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று குறித்து வைக்கலாம். அழுத பிள்ளையை ராத்திரி முழுக்கத் தோளில் போட்டிருந்ததை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

தாலி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் அதைக் கழற்றவில்லை. பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவையோ புறாவோ வந்தது. இன்றைக்கும் நம் பக்கத்துக் கல்யாணங்களில் பார்க்கலாம். சில சபைகளில் தாலியே கிடையாது. இரண்டு வகை வீட்டிலும் நல்ல குடும்பம் உண்டு, கெட்ட குடும்பமும் உண்டு.

அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முந்திரிக்கொட்டை உடைக்க வரும் ஒரு பாட்டிக்குத் தண்ணீர் கொடுக்க, தாழ்வாரத்தில் தனியாக ஒரு அலுமினியத் தம்ளர் செருகியிருந்தது. மாமியார் காலத்துப் பழக்கமாம். தங்கச்சியிடம், “இந்தத் தம்ளரைப் பத்தி உன் தாள்ல ஒரு வரி இருக்கா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “இல்லண்ணே” என்றாள்.